சத்தம் நின்ற வண்டி

கிரீச்.

மகளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த நித்யஸ்ரீயின் கை நின்றது.

மறுபடியும் கிரீச். கோழியின் கழுத்தை யாரோ நிதானமாக, ரசித்து ரசித்துத் திருகுவது போல. சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. வாசல் போர்ட்டிகோவிலிருந்தே வந்தது.

தெருவிலிருந்து வந்திருந்தால் பயந்திருக்க மாட்டாள். அது அவள் புருசன் ஜெகதீஸ்வரனின் பைக். போர்வெல் போடும் ரிக் லாரி கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. வேலை முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னால் சீட்டாட்டம். ஊர் அடங்கிய பிறகு திரும்பி வரும்போது தெருமுனையில் பிரேக்கை மிதிப்பான். அது கிரீச்சிடும். உடனே நித்யஸ்ரீ எழுந்துபோய், வாசல்கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் நாற்காலியை நகர்த்துவாள். நாற்காலியின்மேல் வைத்திருக்கும் எவர்சில்வர் குண்டாவை எடுத்துச் சமையலறையில் ஒளிப்பாள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். கல்யாணமாகி வந்த வாரமே சொன்னாள். "செஞ்சுடலாம்" என்றான். மகள் பிறந்தபோது சொன்னாள். "செஞ்சுடலாம்" என்றான். மகளுக்கு இப்போது நாலு வயசு.

"உன்னத் தூக்கிட்டுப் போக எவன் வரப்போறான்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்துதான் நாற்காலி. அன்றிலிருந்துதான் குண்டா. எவனாவது கதவைத் தள்ளினால் குண்டா விழும். விழுந்தால் முழிப்பு வரும். முழித்து என்ன செய்வது என்பதை அவள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

இன்றைக்கு அதிசயமாக ஜெகதீஸ்வரன் வெளிச்சத்திலேயே வீடு வந்து, சாப்பிட்டு, கை கழுவப் போயிருந்தான். அப்படியானால் வாசலில் யார்?

அவள் குண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பைக் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. செல்போனை டார்ச்சாக்கி வாயில் கடித்தபடி ஜெகதீஸ்வரன் குத்தவைத்திருந்தான். ஒரு கையால் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுகையால் பிரேக் பெடலை அமுக்குவான், சக்கரம் அலறும். அவன் தலையை ஆட்டுவான்.

"ஏனுங்க, என்னுங்க பண்றீங்க?"

"உம். ம்ம்ம்."

"வாயிலிருக்கறத எடுத்துட்டுச் சொல்லுங்க."

"டயக்னோசிஸ்" என்றான், எடுத்துவிட்டு. "வண்டிக்குப் பதினஞ்சு வருசம் முடியுது. அடுத்த வாரம் எஃப்.சி.க்குக் காட்டணும். பிரேக் இன்ஸ்பெக்டரு ஓட்டச்சொல்லிப் பாப்பாரு."

வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரிக்கு அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் எவரும் அதைச் சொல்வதில்லை. அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். விளக்கும் ஹாரனும் அவர்தான் பார்க்கிறார். ஆனாலும் பெயரிலேயே பிரேக்கை வைத்திருக்கும் மனிதரை ஏமாற்ற முடியாது என்று ஜெகதீஸ்வரனுக்கு ஒரு கிலி.

"ஒர்க்‌ஷாப்புல விட்டா பிரேக் ஷூ மாத்திக் குடுத்துருவாங்கல்லங்க?"

"நாப்பது டன் லாரிக்கெல்லாம் எஃப்.சி. பாக்கற கம்பெனில இருக்கறவன் நானு. ஒரு பைக்க உருட்டிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கம்பெனியில் அவன் டீசல் கணக்கு எழுதுகிறான் என்பதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. சில விஷயங்களை ஞாபகப்படுத்தினால் சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதும்.

"இங்க பாரு நித்யா. பிரேக்குக்கு என்ன வியாதி? சத்தம். சத்தம் போச்சுன்னா வியாதி போச்சு. உன் தையல் மிஷின் எண்ணெய எடுத்துட்டு வா."

"பிரேக்குக்கா எண்ணெய்?"

"எடுத்துட்டு வாம்மா."

சேலம் அஸ்தம்பட்டியில் கான்வென்ட் படித்தவள் அவள். உராய்வைப் பற்றிய ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி, ஓரத்தில் படமும் போட்டு, சிஸ்டரிடம் முழு மார்க் வாங்கியவள். அந்த முழு மார்க் இப்போது போர்ட்டிகோவில் எண்ணெய்க் குப்பியோடு நின்றது. அவன் குப்பியின் மூக்கைச் சக்கரத்தின் நடுவில் சொருகிப் பிதுக்கினான். சுற்றினான். அமுக்கினான். சக்கரம் வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தயா?"

"சத்தம் நின்னுருச்சுங்க. வண்டி நிக்குமா?"

"உங்க கான்வென்ட்ல ஏட்டிக்குப் போட்டி பேசத்தான் சொல்லித் தந்தாங்களா? எண்ணெய உள்ள வை. இன்னும் மிச்சம் இருக்குது."

மறுநாள் காலையில் மகளை டேங்கின்மேல் உட்காரவைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். அவர்கள் தெரு திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் சரிவாக இறங்கி மெயின் ரோட்டில் முடியும். அங்கே ரிக் லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. நித்யஸ்ரீ கேட்டருகே நின்று பார்த்தாள். வண்டி இறங்கியது. வேகம் குறையவேண்டிய இடத்தில் குறையவில்லை. முன்பிரேக் ஏற்கெனவே பேருக்குத்தான். ஜெகதீஸ்வரனின் இரண்டு கால்களும் விரிந்து ரோட்டில் தேய்ந்தன. முட்டை வேன் ஒன்றின் பின்கதவில் முன்சக்கரம் தட்டி வண்டி நின்றது. டிபன் பாக்ஸ் மட்டும் நிற்காமல் மெயின் ரோட்டுக்கு உருண்டது. ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போனது.

அவள் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

"அம்மா, அப்பா செருப்புல பிரேக் போட்டாங்க" என்றது குழந்தை, சந்தோசமாக.

நித்யஸ்ரீ மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.  தகடாகிப் போன டிபன் பாக்ஸையே பார்த்தாள். அதில் தயிர்சாதம் இருந்தது. இப்போது ரோட்டில் இருந்தது.

"இனி இந்த வண்டில எம்புள்ள ஏறமாட்டாளுங்க."

"உம்புள்ளயா? எம்புள்ளயும்தான். எம்புள்ளய நாந்தான் கொண்டுபோய் உடுவேன். வேன்காரனுக்கெல்லாம் குடுக்கமாட்டேன்."

"அப்ப எங்கப்பா வாங்கிக் குடுத்த ஸ்கூட்டர்ச் சாவியக் குடுங்க. நான் கொண்டுபோறேன்."

"புள்ள கொஞ்சம் பெருசாகட்டும்."

அந்த ஸ்கூட்டர் சீர்வரிசையோடு வந்தது. அவள் மாசமாக இருந்தபோது தார்ப்பாய் போர்த்திப் போர்ட்டிகோ மூலையில் நிறுத்தினான். சாவி அவன் சாவிக்கொத்தில் தொங்கியது. தன் உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி மலைமேல் குடியிருக்கிற ஊர் இது. அடிவாரத்தில் ஒருத்தன் ஸ்கூட்டர்ச் சாவியைக்கூடக் கொடுக்கமாட்டேன் என்கிறான்.

அன்று ராத்திரி அவன் சீட்டுக்குப் போனான். அவள் நாற்காலியை வைத்து, குண்டாவை வைத்து, தெருமுனைச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தாள். சத்தம் வரவில்லை. கதவு நகர்ந்தது. குண்டா தடாரென்று விழுந்து கூடம் முழுக்க உருண்டது. அவள் அலறினாள். குழந்தை அலறியது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

வாசலில் ஜெகதீஸ்வரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பயந்துட்டயா? வண்டி வந்ததே தெரியலைல்ல? இனிமே நான் எப்ப வாரேன், எப்பப் போறேன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் எண்ணெய் போட்டது ஆபீஸில் இருக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருக்காக மட்டுமல்ல. ராத்திரியில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் இன்னொரு இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த இரண்டு நாளும் அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கு நடந்தாள். அவன் தடுக்கவில்லை. ரோட்டில் தேய்ந்து செருப்பு அறுந்து புண்ணான காலில் கட்டுப் போட்டிருந்தான். கட்டுப் போட்ட காலை டீப்பாய்மேல் வைத்துக்கொண்டு யோசித்தான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு வெளிச்சம் பிறந்தது.

"நித்யா, லாரிக்காரங்க எஃப்.சி.க்குப் போறப்ப என்ன பண்ணுவாங்க தெரியுமா? நல்ல டயர இரவல் வாங்கி மாட்டிக் காட்டுவாங்க. வந்ததும் கழட்டிக் குடுத்துட்டுப் பழசையே மாட்டிக்குவாங்க. எஃப்.சி.ங்கறது பொண்ணு பாக்கற மாதிரி. அன்னைக்கு ஒரு நாள் நல்லாருந்தாப் போதும்."

"அதுக்கு?"

"பக்கத்து ஊட்டு மாரக்காள்கிட்ட நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு சும்மா நிக்குதுல்ல. அது பின்சக்கரம் பிரேக்கோட அப்படியே புதுசு. ஒரு நாளைக்குக் கேளு."

"எஃப்.சி. முடிஞ்ச பொறகு?"

"நம்ம சக்கரத்த நாம மாட்டிக்கறது."

"எண்ணெய் போட்ட சக்கரத்த."

"ஆமா."

"அதுல பாப்பாவ உக்காரவெச்சு."

"ஏம்மா, பிரேக்கையே நம்பி வண்டி ஓட்டறவன் டிரைவரா? கால் எதுக்கு இருக்குது?"

அவள் எழுந்தாள். மகளை உறங்கவைத்துவிட்டு மாரக்காளின் சமையலறைக்குப் போனாள். மாரக்காளின் புருசன் சின்னுசாமி ரிக் ஓட்டப் போனவர்; வருசத்தில் பாதி நாள் வடநாட்டில் இருப்பார். ஊருக்கு வந்தால் அந்த பைக்கில் ஏறி எங்கேயாவது குடித்துவிட்டு விழுந்து கிடப்பார். மாரக்காள் ஆட்டோ வைத்துப் போய் அள்ளி வருவாள்.

நித்யஸ்ரீ சொன்னாள். முதலில் அழுதாள், பிறகு சொன்னாள். மாரக்காள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவ்வளவுதானா அம்மிணி? உனக்கு நிக்கற சக்கரம் வேணும். எனக்கு அந்த மனுசன் ஊட்டோட நிக்கணும். ரெண்டும் ஒரே சோலிதானே" என்றாள். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

மறுநாள் மாரக்காளே வந்து கேட்டருகே நின்றாள்.

"சக்கரம் தாரேன் தம்பி. லாரிக்காரங்க சும்மாவா டயர் குடுக்கறாங்க? ஈடு வெக்கறாங்கல்ல. நீங்களும் ஈடு வெய்யுங்க."

"எங்கிட்ட என்னக்கா இருக்குது ஈடு வெக்க?"

"அந்தா, தார்ப்பாய்க்குள்ள ஒண்ணு நிக்குதே. வண்டியும் சாவியும் எங்கூட்டுல இருக்கட்டும். சக்கரம் திரும்பி வந்த அன்னைக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க."

ஜெகதீஸ்வரன் சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றும்போது முகத்தில் இளக்காரம் வழிந்தது. ஓடாத வண்டியைக் கொடுத்து நிற்கும் சக்கரத்தை வாங்குகிறான். சீட்டில்கூட அவனுக்கு இப்படி ஒரு கை விழுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனே இரண்டு வண்டிகளின் பின்சக்கரத்தையும் கழற்றினான். தன் பழைய சக்கரத்தை மாரக்காள் வீட்டுச் சுவரில் சாய்த்தான். அவளுடையதைத் தன் பைக்கில் மாட்டினான். மாட்டி முடித்ததும் தரையில் ஒரு பெரிய நட்டு மிச்சமாகக் கிடந்தது.

"இது எதுக்குங்க?"

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலாவே வெச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, குறட்டை விட்டான்.

குறட்டை ஏறியதும் மாரக்காள் ஒர்க்‌ஷாப் ஆளைப் பின்வழியாகக் கூட்டிவந்தாள். அந்த ஆள் நட்டைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், உள்ளிருந்து வரும் குறட்டையையும் கொஞ்சநேரம் கவனித்தார். ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காக மாட்டி, முன்பிரேக்கையும் சரி பார்த்து, தெருவில் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. நித்யஸ்ரீ அவரை இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னாள்.

எஃப்.சி. அன்று மத்தியானம் ஜெகதீஸ்வரன் திரும்பி வந்தபோது தெருவில் நாலைந்து ஆம்பளைகள் வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். அவன் வண்டியை அவர்கள் நடுவில் கொண்டுவந்து, மிதித்து, நச்சென்று நிறுத்தினான்.

"பாஸ்" என்றான். "கோடு கிழிச்சு வெச்சிருந்தாரு. கோட்டு மேலயே நிறுத்துனேன். இன்ஸ்பெக்டரே திரும்பிப் பாத்துட்டாரு."

"எங்க மாப்ள வேல பண்ணுன?"

"வேலயா? எல்லாம் இந்தக் கைதான். ஒரு சொட்டு எண்ணெய். நேக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

மாரக்காள் தன் வாசலில் கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சக்கரம் கிக்கரம் எதும் மாத்துனீங்களா?" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

நித்யஸ்ரீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மட்டும் 'ஆமாங்க்கா, உங்க சக்கரந்தான்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. ராத்திரியே பழைய சக்கரம் பைக்குக்கும், ஸ்கூட்டர் தார்ப்பாய்க்கும், பாப்பா டேங்குக்கும் திரும்பிவிடும்.

அவன் ஆம்பளைகளைப் பார்த்தான். மார்பு கொஞ்சம் விரிந்தது.

"என்ன சக்கரம்க்கா? நம்ம சக்கரம், நம்ம பிரேக்கு. வெளியாள் பொருள் ஒரு நட்டுக்கூட இதுல இல்ல."

"அதானே கேட்டேன்" என்றாள் மாரக்காள். உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் இருட்டட்டும் என்று காத்திருந்து, ஸ்பேனரோடு மாரக்காள் வீட்டுச் சுவரண்டை போனான். சுவர் இருந்தது. சக்கரம் இல்லை. வீட்டுக்குள் திரும்பி வந்தால் மகள் தரையில் உட்கார்ந்து, வாயெல்லாம் ஒழுக, பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பொட்டலம்.

"ஏது பாப்பா இது?"

"மாரக்கா பெரியம்மா குடுத்தாங்க. சக்கரத்தப் போட்டு வாங்குனாங்களாம்."

ஜெகதீஸ்வரன் ஸ்பேனரோடு காம்பவுண்டு ஓரத்துக்கு ஓடினான்.

"அக்கா, என் சக்கரம் எங்கக்கா?"

"உங்க சக்கரமா? உங்களுது உங்க வண்டிலதானே இருக்குது. நீங்கதானே மத்தியானம் சொன்னீங்க? நாலு பேரு கேட்டாங்களே." மாரக்காள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எங்கூட்டுச் செவுத்துல யாரோ எண்ணெய் வழியற சக்கரம் ஒண்ணச் சாச்சுட்டுப் போயிருந்தாங்க சாமி. செவுரெல்லாம் கறை. பழைய இரும்புக்காரன் வந்தான், தூக்கிப் போட்டுட்டேன். பழம் நல்லா இருந்துச்சா?"

"அக்கா, வெளையாடாதீங்க. அப்ப உங்க சக்கரம்?"

"எங்க வண்டிக்குச் சக்கரம் இல்லாதது இப்ப நல்லதுதான் தம்பி. அந்த மனுசன் வந்தா ஊட்டுல கெடப்பாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வெளில வந்து, இது மாரக்காளோட சக்கரம், இரவல் வாங்கி இன்ஸ்பெக்டருக்குக் காட்டுனேன்னு சொல்லுங்க. உடனே கழட்டிக்கறேன். சொல்றீங்களா? வேப்பமரத்தடில இன்னும் ஆளுக நிக்கறாங்க."

அவன் வேப்பமரத்தைப் பார்த்தான். ஒருவர் அங்கிருந்தே கை தூக்கி, "எண்ணெய் மாப்ள, எம் பைக்குக்கும் ஒரு சொட்டு போட்டுக் குடு" என்றார்.

ஸ்பேனரை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினான்.

"அப்ப ஈடு வெச்ச வண்டி ஈட்டுலயே இருக்கட்டும்" என்றது மாரக்காளின் குரல், அவன் முதுகுக்கு. "நித்யா கண்ணு, எனக்கு ஓட்டத் தெரியாது. காலைல பாப்பாவ இஸ்கோலுக்குக் கொண்டுபோறப்ப எடுத்துட்டுப் போ. எனக்கும் சந்தையில காய் வாங்கியா."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தட்டும் சுவரில் மோதவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டுக்குப் போனான்.

நித்யஸ்ரீ மகளைப் படுக்கவைத்தாள். தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாசல் தாழ்ப்பாளின் இடுக்கில் ஒரு சொட்டு விட்டாள்; துரு கரைந்து கறுப்பாக வழிந்தது. இன்னொரு சொட்டு. விளக்குமாற்றுக் குச்சியால் சுரண்டினாள். இத்தனை வருசமாக அவளும் ஏன் செய்யவில்லை? அவன் செய்வான் என்று சொல்லியிருந்தான். அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அவன்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் தன்மேல் வந்தது.

பிறகு நாற்காலியைக் கதவிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் போட்டாள். குண்டாவில் காலைக்கு உளுந்து ஊறவைத்தாள். கதவை வெறுமனே சாத்தி, அதற்குத் தோளைக் கொடுத்து, தாழ்ப்பாளின்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

வண்டிச் சத்தம் வரவில்லை. நல்ல சக்கரம், அதற்குச் சத்தம் கிடையாது. போர்ட்டிகோவில் செருப்பு மட்டும் சரசரத்தது.

"யாருங்க?"

"ஷ்ஷ். நாந்தான்."

"நான்னா யாருங்க? வண்டி வந்த சத்தமே கேக்கலீங்களே."

"நித்யா, வெளையாடாத. கதவத் தொற."

"பேரச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் மாரக்காளின் தலை தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பெண்டாட்டி வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள் என்று தன் பெயரைச் சொல்லித் தெருவில் கத்துவதற்கு ஜெகதீஸ்வரனுக்கு வாய் வரவில்லை. இரவல் சக்கரம் என்று சொல்ல வராத அதே வாய்தானே.

"சொல்லமாட்டீங்களா? சரிங்க, விடிஞ்சு வாங்க. ஸ்கூட்டர் மூலை காலியாத்தான் இருக்குது. தார்ப்பாய மடிச்சு வெச்சிருக்கேன், போர்த்திக்குங்க."

அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் அது கடைசிவரை போய் விழுந்தது.